ஐந்தாவது பாளம்

பந்தயக் கார் கனமாக இருந்தால் தோற்கும். ரொம்ப லேசாக இருந்தாலோ ஓடவே விடமாட்டார்கள். வண்டியும் ஓட்டுகிறவனும் சேர்ந்து இவ்வளவு எடைக்குக் குறையக் கூடாது என்று விதி. குறைகிற எடைக்கு ஈயப் பாளத்தை இருக்கைக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். ஒரு பாளம் மூன்று கிலோ. என் வீட்டுக்காரர் என்ஜினைப் பார்ப்பார், என் தம்பி ஓட்டுவான், எடை என் பொறுப்பு.

தம்பிக்கு வீட்டில் குண்டன் என்று பெயர். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது அலமாரிக்குள் நுழைந்து, வெளியே வர முடியாமல் தச்சரைக் கூப்பிட்டோமே, அன்றைக்கு வைத்தது. இந்த வருடம் அந்தப் பெயர் அவனுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. முதல் பந்தயத்தில் ஒரு பாளம்கூடத் தேவைப்படவில்லை. அடுத்ததற்கு ஒன்று போட்டேன். அதற்கடுத்து இன்னொன்று. வேறு வீடாக இருந்தால், "ஏன்டா இப்படித் துரும்பா இளைச்சுட்ட?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் கைதட்டினோம்.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஓட்டுகிறவனின் தொப்பையில் இருக்கும் கிலோவை நம்மால் நகர்த்த முடியாது. அதே கிலோ ஈயமாகத் தரையில் கிடந்தால் வண்டி வளைவில் சாயாமல் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். "மாப்ள தொப்பையைக் கரைச்சான், எனக்கு வளைவுல லாபம்" என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பெரிய கெட்டிக்காரர்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

கடைசிப் பந்தயத்தன்று காலை, நாலு பாளம் போட்ட வண்டியை, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்த தராசுகளின் மேல் ஏற்றி, குண்டனை ஹெல்மெட்டோடு உட்கார வைத்தேன். மறுபடியும் குறைந்தது.

"அஞ்சாவதையும் போடு!" என்று வீட்டுக்காரர் கையைத் தட்டினார். "பெரிய டீம் மேனேஜர் நம்ம மாப்ளயப் பாக்கத்தான் வந்து உக்காந்திருக்கார். இன்னிக்கு ஜெயிச்சா அடுத்த வருஷம் அவங்க வண்டிதான்."

குண்டன் சிரித்தான். கன்னத்தில் வெறும் தோல்தான் மடிந்தது. இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"என்னடா, ஒட்டகமா நீ?"

"வெயில்க்கா."

வெயில் எல்லாருக்கும்தான் அடித்தது. வேறு யாரும் இவனைப் போல அடிக்கடி கழிப்பறைக்கு ஓடவில்லை. மனசு உறுத்தியது. அதற்குள் பயிற்சி ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பயிற்சிக்கு எடை பார்ப்பதில்லை என்பதால் அப்படியே அனுப்பிவைத்தேன்.

எங்கள் பிரிவில் வயர்லெஸ் கிடையாது. ஓடுகிறவனுக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் சுவரோரம் நின்று போர்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். நடுவிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று, 'உள்ளே வா' என்று முழ நீள எழுத்தில் காட்டினேன். தாண்டிப் போனான். அடுத்த சுற்றிலும் போனான். கடைசியில் மற்ற வண்டிகள் திரும்பியபோது அவற்றின் பின்னாலேயே வந்து சேர்ந்தான்.

"போர்டு தெரியலையா?"

"கண்ணுல சூரியன் அடிச்சுதுக்கா."

சூரியன் அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தேன். நாலு பாளத்தின் மேல் ஐந்தாவதை வைத்தேன். போல்ட்டை நுழைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. கரைத்தான், கரைத்தான் என்கிறோமே, இவன் எப்போது கரைத்தான்? ஒரு நாள் ஓடிப் பார்த்ததில்லை. முன்பைவிட இரண்டு பங்கு சாப்பிடுகிறான். என் கண்ணெதிரே என் தம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருக்கிறான், நான் அந்த இடத்தை ஈயத்தால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தவனின் மடியில் ஒவ்வொன்றாக வைத்தேன்.

"என்னக்கா பண்ற?"

"இவ்வளவும் உன் உடம்புல இருந்து போயிருக்கு. எங்கடா போச்சு? பட்டினி கிடந்தியா?"

மேலே இருந்த பாளத்தை எடுத்துக் கீழே வைக்கப் போனான்.

"சரி, அந்த எதிர் ஷெட் மேல என்ன எழுதியிருக்கு? படி."

கண்ணை இடுக்கிப் பார்த்தான். "ஏதோ டயர் விளம்பரம்."

'தீயணைப்பு' என்று சிவப்பில் கொட்டை எழுத்தாக எழுதியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான் மங்கலா இருக்கு. ஒண்ணும் ஆகாதுக்கா. வளைவெல்லாம் மனப்பாடம். எங்க பிரேக் போடணும்னு காலுக்கே தெரியும்."

"முன்னாடி ஒருத்தன் சுழண்டு நின்னா அதுவும் மனப்பாடமா?"

எனக்குக் கோபம் என்றால் மூக்கின் மேலேயே இருக்கும். அன்று அது வரவில்லை. பயம்தான் வந்தது.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "எடை பாக்கக் கூப்பிடப் போறாங்க, நீ எல்லாத்தையும் கழட்டி வச்சிருக்க! மாட்டு!"

"மாட்ட மாட்டேன். இவனுக்குக் கண்ணு தெரியலைங்க."

"இன்னிக்கு ஒரு நாள்தானே? நாளைக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா, உன் கால்ல விழறேன். அவங்க டீம்ல அந்த ஒரு சீட்டுக்காகத்தான்…" என்றவனுக்குத் தொண்டை வறண்டு பேச்சு நின்றது. காலடியில் இருந்த பாட்டிலுக்குக் கையை நீட்டினான். கை பாட்டிலுக்குப் பக்கத்தில் தரையைத் தடவியது. இன்னொரு முறை தடவியது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். குனிந்து பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு வேனைக் கிளப்பப் போனார்.

வழியெல்லாம் குண்டன் என்னைத் திட்டினான். "கைக்கு எட்டுனத வாய்க்கு எட்டவிடாம பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" திட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் வாந்தி எடுத்தான். அப்புறம் திட்டவில்லை. அந்த அமைதிக்குத் திட்டே தேவலை என்று இருந்தது.

மருத்துவமனையில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். கருவியில் எண் வரவில்லை, அதன் அளவைத் தாண்டியிருந்தது.

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. நல்லவேளை இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். "இனிமே தினமும் இன்சுலின் ஊசி போட்டாகணும்."

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்றான் குண்டன்.

"முதல்ல எழுந்து நில்லுங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

நர்ஸ் அவனைப் பிடித்து எடை பார்க்கும் கருவியில் நிற்க வைத்தாள். எண் நின்றதும் பழக்க தோஷத்தில் நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ரொம்ப இளைச்சிருக்கார் போல. எவ்வளவு குறைஞ்சிருக்கும், சுமாரா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பதினஞ்சு கிலோ" என்றார் வீட்டுக்காரர்.

"இவ்வளவு கரெக்டா சொல்றீங்க! வீட்டுல எடை பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குண்டன்தான் கண்ணை மூடியபடி பதில் சொன்னான்.

"ஆமா சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் பாத்தாங்க. பாத்துப் பாத்துக் கைதட்டினாங்க."