பதினோரு நாள் ரிப்பன்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி மயக்க மருந்து மருத்துவர். சாப்பாட்டு மேசையில் அவர் எரிச்சலோடு கொட்டியதை நான் இலக்கியமாக்கப் பார்க்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் இருண்டிருந்த அந்தக் காலையில், விதியின் விரல்கள்…'

("ஆபரேஷன் தியேட்டர்ல ஜன்னலே கிடையாதுப்பா" என்றார் அண்ணி. வானத்தை அடித்துவிட்டேன்.)

2
நடந்தது இதுதான். நாலு வயதுப் பெண் குழந்தை. கதவிடுக்கில் சிக்கி இரண்டு விரல் நசுங்கிவிட்டது, தைக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் சளி. முழு மயக்கம் கொடுத்தால் மூச்சு முரண்டுபிடிக்கலாம். லேசாகத் தூங்கவைத்து, அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வதே நல்லது. அந்த வயதில் நரம்பு நூல் தடிமன், ஒட்டினாற்போல் ரத்தக்குழாய். ஸ்கேன் திரையில் பார்த்தபடி ஊசியைச் செலுத்தினால் மருந்தும் குறைவு, பயமும் குறைவு.

ஸ்கேன் கருவி இருந்தது. புத்தம் புதுசு. சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, திறந்துவைக்கப்போகும் சிறப்பு விருந்தினருக்காகப் பதினோரு நாளாகக் காத்திருந்தது.

3
மருத்துவமனைக் கண்காணிப்பாளரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்ட மூன்று முறை முயன்றேன். [அவர் கண்களில் ஒரு கணம்…] வரவில்லை. அவர் சொன்னதையே தருகிறேன்.

"விழா முடியாம தொடக்கூடாது டாக்டர். இத்தனை வருஷம் கையால தடவிப் பாத்துத்தானே போட்டீங்க?"

"போட்டேன் சார். சிலது சரியா விழுந்துச்சு, சிலது விழல. விழாததை யாரும் போட்டோ எடுக்கல."

"விருந்தினர் கோவிச்சுக்குவார்."

"அவரையே வரச்சொல்லுங்க. குழந்தையைப் பிடிச்சுக்கட்டும்."

வெளியே, சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு குழந்தையின் அப்பா. "ஏன் டாக்டரம்மா இன்னும் ஆரம்பிக்கல?"

'ரிப்பன்' என்று சொல்ல அண்ணிக்கு வாய் கூசியது. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்தார்.

4
திரையில் நரம்பு தெரிந்தது. மருந்து அதைச் சுற்றிப் பரவியது. விரல்கள் தைக்கப்பட்டன, மூச்சு சிணுங்கவேயில்லை. வெளியே அப்பாவிடம் கொண்டுவந்ததும் விழித்த குழந்தை, கட்டுப்போட்ட கையை மற்ற கையால் தூக்கிப் பார்த்து, "இது யாரோடது?" என்றது.

"உன்னோடதுதான்டி. தூங்குது. சாயங்காலம் எந்திரிச்சிரும்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். (இங்கே கண்ணீரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அண்ணி கிழித்துவிட்டார்.)

மறுநாள் ஓலை வந்தது: 'அனுமதியின்றி ரிப்பனை வெட்டியது ஏன்?' அதே வாரம் புது ரிப்பன் கட்டினார்கள். விருந்தினர் வந்து வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

5
என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் கண்காணிப்பாளர் மனம் திருந்துகிறார். படித்த அண்ணிக்குச் சிரித்துப் புரையேறியது. மற்றதில் அண்ணி வேலையை உதறுகிறார். "நாளைக்கு எனக்கு ஏழு கேஸ் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

ஓலையில் பதில் எழுத நாலு வரி இடம் விட்டிருக்கிறார்கள். "எழுத்தாளன் நீதானே, நீயே எழுது" என்கிறார் அண்ணி. நான் உங்கள் தலையில் கட்டுகிறேன். கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள். கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது.