துவக்கு இருந்த தோள்

சவப்பெட்டியின் தலைமாட்டில் அப்பாவின் படத்தை நிறுத்தியபோதுதான் சுவர்ணா கவனித்தாள். படத்தில் வலது தோள் பாதியோடு நின்றுவிட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே தோல் வார் மட்டும் ஓடியது. அதில் தொங்கிய துவக்கை, அந்த நீளத் துப்பாக்கியைக் காணவில்லை.

"அம்மா, படத்தை வெட்டினனீங்களோ?"

"ஓம். துவக்கைப் பாத்தால் சனம் இயக்கத்தில சண்டை பிடிச்சவரெண்டு கதைக்கும். இண்டைக்கு மட்டும் வாயைத் திறவாதை, பிள்ளை," என்றாள் வசந்தமலர்.

சட்டன் நகர அஞ்சலி மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்களுக்கு அப்பா தியாகராஜா பெற்றோல் செட்டில் பதினைந்து வருடம் நின்ற மனிதர், அவ்வளவுதான். ஊரில் அவர் வில்பத்துக் காட்டின் காவலர் என்பதை அம்மா வெளியில் மூச்சுவிட்டதில்லை. காரணம் இருந்தது. அப்பாவின் இடது கையில் நீளமாக நாலு தழும்பு. ஆமிக்காரன் வெட்டியது என்று சொன்னால் அகதி விசா சுருக்காகக் கிடைக்கும் என்று யாரோ ஒரு லோயர் சொல்லிக்கொடுத்தார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கேட்டபோது அப்பா, "கரடி கீறினது" என்றார். கரடியென்றால் காடு, காடென்றால் துவக்கு, கேள்விமேல் கேள்வி. வழக்கு ஆறு வருடம் இழுபட்டது. ஆறு வருடமும் அம்மா அந்தத் துவக்கைத்தான் திட்டித் தீர்த்தாள்.

பொய் சொல்லாத மனிதனைப் பாதித் தோளோடு அனுப்புவதா? சுவர்ணாவுக்கு மனம் கேட்கவில்லை. பேசக் கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

"அப்பா காட்டில துவக்கோட திரிஞ்சவர். உயிருக்கு ஆபத்தெண்டால் சுடலாமெண்டு அனுமதி இருந்தது. ஒருநாள் கரடி பாய்ஞ்சது. அதின்ர முதுகில ரெண்டு குட்டி. அப்பா வானத்தைப் பாத்துச் சுட்டிட்டு, கையைக் கரடிக்குக் குடுத்தவர். இருபது வருசத்தில ஒரு மிருகத்தையும் அவர் சுட்டதில்லை."

கடைசி வரிசையில் பஸ்தியாம்பிள்ளை எழுந்தார். அப்பாவோடு காட்டில் வேலை செய்தவர்; விம்பிள்டனிலிருந்து ரயில் பிடித்து வந்திருந்தார்.

"பிள்ளை சொல்லுறது உண்மை. அண்டைக்கு நான் மரத்துக்கு மேல நிண்டனான்," என்றார்.

அழுதுகொண்டிருந்த சனம் சிரித்துவிட்டது. சுவர்ணாவும் சிரித்தாள். இவருக்கு மகளாகப் பிறந்தோமே என்று அவளுக்குத் தலை நிமிர்ந்தது. அம்மாவின் பக்கம் திரும்பத்தான் பயமாக இருந்தது.

வசந்தமலர் எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, கைலேஞ்சித் துணியில் பத்திரமாக மடித்து வைத்திருந்த, வெட்டிய துண்டுப் படத்தை எடுத்தாள். பாதித் தோள், துவக்கு. அதைப் படச் சட்டத்தின் ஓரத்தில் செருகி, தோளோடு தோள் பொருந்தும்வரை விரலால் மெல்ல நகர்த்தினாள்.