முப்பதுக்குக் கீழே

அக்கா பேசியபோது காரின் திரையில் இருந்த சார்ஜ் எண் முப்பத்தொன்றா, இருபத்தொன்பதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தானைக் கேட்க முடியாது. அக்காவைக் கேட்க எனக்கு மனமில்லை. அவள் சொன்ன சொற்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு முன்பு காருக்குள் இருந்த மௌனமும் இருக்கிறது.

சிறிய மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் எடுத்துக்கொண்டு பெரிய பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது என் வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் ஒப்பந்தம். என் பழைய வண்டி படுத்துவிட்டது. வழியில் ஒருமுறை நின்று மாதிரிகள் கெட்டுப்போயின. இன்னொரு முறை நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் அக்காவின் கணவர் தன் மின்சாரக் காரை எனக்கு விலைக்குத் தருவதாகச் சொன்னார்.

பழைய மின்சாரக் காரில் பேட்டரிதான் பாதி வண்டி. அதற்கு நீட்டிப்பு வாரண்டி கொடுக்கும் ஒரு நிறுவனத்தை விசாரித்தேன். கொள்ளளவு எழுபது சதவீதத்துக்குக் கீழே போனாலோ, பேட்டரி திடீரென்று செத்தாலோ மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் பொறுப்பு. அத்தானின் கார் எண்பத்தாறு காட்டியது. ஆண்டுக்கு இரண்டு மூன்று குறைந்தாலும் எழுபதைத் தொடாது. கணக்கு, வேண்டாம் என்றது. வயிறு, வேண்டும் என்றது.

"மாப்ள, நான் குடுக்கிற வண்டிக்கு இன்னொருத்தன் ஜாமீனா?" சாப்பாட்டு மேசையில் அத்தான் சிரித்தார்.

"உங்க மேல சந்தேகமில்ல அத்தான். என் வேலை அப்படி."

"சந்தேகம் இல்லாதவன் எதுக்குடா வாரண்டி கேக்கறான்? ஆத்துல போட்டாலும் அளந்து போடற ஆளு நீ. சரி. ஆனா இதுல அளக்க ஒண்ணுமில்ல. சார்ஜ முப்பதுக்குக் கீழ நான் இறங்க விட்டதே கிடையாது. பச்சப்புள்ள மாதிரி வச்சிருக்கேன். வேணும்னா இந்த மறதி மகாராணியக் கேளு."

மறதி மகாராணி என்பது அக்காவுக்கு அவர் வைத்த பெயர். போன மழைக்காலத்தில் அவள் சார்ஜ் போட மறந்து, மகளோடு நடுப்பாலத்தில் நின்றுபோன நாளிலிருந்து குடும்பத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

வாரண்டி தருவதற்கு முன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். "சார்ஜ பத்து பர்சன்ட்டுக்குக் கீழ இறக்கிட்டு வாங்க சார். நாங்க முழுசா ஏத்திப் பார்த்து, எவ்வளவு பிடிக்குதுன்னு அளப்போம்," என்றாள் தொலைபேசியில் பேசிய பெண். அத்தானிடம் சொன்னேன். அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "மடியில கனமில்ல, வழியில என்ன பயம்?" என்று சாவியை என்னிடம் எறிந்தார்.

கிளம்பும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் அத்தான்.

"சும்மாதான்."

ஊரைச் சுற்றிப் போகும் அகலச் சாலையில் ஏசியை முழுதாக வைத்து ஓட்டினேன். சார்ஜ் ஐம்பதுகளில் இருந்தவரை அத்தான் நன்றாகப் பேசினார். அலுவலகத்து மேலாளரைப் போல நடித்துக் காட்டினார். நாற்பதுக்கு வந்ததும் பேச்சு குறைந்தது. எனக்குக் குளிரில் விரல்கள் மரத்தன. ஆனால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, அங்க சார்ஜர் இருக்கு பாரு. ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கலாம்."

"இறக்கத்தானே அத்தான் ஓட்டறோம்?"

"ஆமால்ல." சிரிக்க முயன்றார். "அப்ப ஒரு டீ குடிப்போம்."

"முடிச்சிட்டுக் குடிக்கலாம்."

எண் ஒவ்வொன்றாக இறங்கியது. யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் மௌனம் புதிதில்லை. அப்பா இருந்த காலத்தில் வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் அது கோபத்தின் மௌனம். இது காத்திருக்கும் மௌனம். எதற்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"தலை வலிக்குது மாப்ள. ஓரமா நிறுத்து. நாளைக்கு வச்சுக்கலாம்."

என் கால் பிரேக்கை நோக்கிப் போனது.

"நிறுத்தாத. ஓட்டு," என்றாள் அக்கா.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்னிருக்கையில் தெரிந்த அத்தானின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பாலத்துல எத்தனையில நின்னுச்சு?"

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"உங்களத்தான் கேக்கறேன். நான் சார்ஜ் போட்டேன்னுதான் எனக்கு ஞாபகம். வயரக் கையில பிடிச்சதுகூட ஞாபகம். நீங்க மறந்துட்டேன்னு சொன்னீங்க. எல்லார்கிட்டயும் சொன்னீங்க. சொல்லச் சொல்ல, மறந்துதான் இருப்பேன்னு நானே நம்பிட்டேன்."

அப்போது எண் இருபத்தெட்டிலிருந்து எட்டுக்கு விழுந்தது. இடையில் ஒன்றுமில்லை. திரையில் மஞ்சளாக ஓர் ஆமைச் சின்னம் எழுந்தது, சார்ஜ் தீர்கிறது என்ற எச்சரிக்கை. வண்டி வலுவிழந்து ஊர்ந்தது. பின்னால் வந்த லாரி ஒலிப்பானை விடாமல் அழுத்தியது. எப்படியோ ஒடித்து, பூட்டிய கிடங்கு ஒன்றின் மதிலோரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஏசி நின்றது. எங்கள் மூவரின் மூச்சு மட்டும் கேட்டது.

"எப்பவாவது ஒரு தடவ அப்படி..." என்று தொடங்கினார் அத்தான்.

"நான் சார்ஜ் போட்டேன்," என்றாள் அக்கா.

பிறகு கதவைத் திறந்து இறங்கி, இழுவை வண்டி வரும்வரை மதிலோரம் நின்றாள்.

வாரண்டி நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில், தொலைபேசியில் பேசிய அந்தப் பெண் கணினியைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு வரிசை செல் போயிருக்கு சார். மேல இருக்கிறப்ப தெரியாது, கீழ இறங்கினா கவுத்துடும். இதுக்கு நாங்க வாரண்டி குடுக்க முடியாது." பிறகு நிமிர்ந்தாள். "ஆனா தயாரிச்ச கம்பெனியோட வாரண்டியே இன்னும் முடியலையே? ஏன் அங்க போகல?"

"போனா பதிவாயிடும்," என்றார் அத்தான் தரையைப் பார்த்து. "அப்புறம் வண்டி விலை போகாது."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கனவே வாசலுக்குப் போயிருந்தாள்.

தயாரித்த நிறுவனம் கெட்ட பகுதியை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு காரை நானே வாங்கிக்கொண்டேன். சோதனையில் தேறியதும் நீட்டிப்பு வாரண்டியும் எடுத்தேன். மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒருமுறைகூட அது பயன்படவில்லை, கணக்குப்படி நஷ்டம்தான். ஒப்பந்தம் என்னிடமே இருக்கிறது. அத்தான் பெட்ரோல் கார் வாங்கினார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவார். மாப்ள என்று கூப்பிடுவதில்லை. அக்கா அவரோடுதான் இருக்கிறாள். வேலைக்குப் பேருந்தில் போகிறாள். அவர் வண்டியில் ஏறுவதில்லை. அவளை மறதி மகாராணி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.