மூன்றாம் குழுவின் அழைப்புகள்

காதுமெஷின் விற்கும் கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஒரு திங்கட்கிழமை முதலாளி நானூற்றுப் பத்து வாடிக்கையாளர்களின் பட்டியலை அவளிடம் நீட்டினார்.

“யார் எவ்வளவு வாங்கினாங்க, எத்தனை தடவை சும்மா வந்து நம்ம நேரத்தைத் தின்னாங்க, பார்த்து மூணு குழுவாப் பிரிச்சிடுங்க. மூணாவது குழு போன் பண்ணா எடுக்காதீங்க.”

இரண்டே நாளில் பிரித்தாள். வேலை சுத்தமாக முடிந்தது. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. மூன்றாம் குழுவில் முதல் ஆளே ‘ஹாரன்’. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உரக்கப் பேசுவதால் கடையில் வைத்த பெயர். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரே மெஷினைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் வந்து, “விசில் அடிக்குது, இரையுது” என்று அரைமணி நேரம் உட்காருவார்.

வியாழக்கிழமை போன் அடித்தது. திரையில் அவர் எண், பக்கத்தில் சிவப்பாக 3. அவள் எடுக்கவில்லை. மதியத்துக்குள் ஏழு முறை அடித்து ஓய்ந்தது. அடுக்கிவைத்த பேட்டரி டப்பாக்களைக் கலைத்து, மறுபடி அடுக்கினாள். எழுந்தாள், உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை அவரே வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். குரலே எழும்பவில்லை.

“ஏம்மா, எனக்குக் காது மொத்தமாப் போச்சு. போன்ல மணி கேக்குது, அப்புறம் ஒண்ணுமில்ல. நீ எடுத்துப் பேசற, எனக்குத்தான் கேக்கலைன்னு நான் பாட்டுக்குப் பேசிட்டு வெச்சேன். வீட்டுல நான் ஒண்டி ஆளு, யார்கிட்ட பேசிப் பார்க்கிறது? ரெண்டு நாளா பொண்ணு கூப்பிடுறா. எடுக்கலை. அவ குரலும் கேக்காமப் போயிட்டா?”

அவள் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

“ஐயா, உங்க காதுல ஒண்ணுமில்ல. நாங்கதான் எடுக்கலை.”

“அட, கேக்குதே! நீ சொல்றது நல்லாவே கேக்குதே!” கவுண்டரைத் தட்டிச் சிரித்தார். பிறகுதான் சொன்னது உறைத்தது. “ஏன் எடுக்கலை?”

ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“மூணாவதா? பரவால்ல. பள்ளிக்கூடத்துலயும் நான் மூணாவதைத் தாண்டலை” என்றார். கண்ணில் சிரிப்பு இல்லை. உட்காராமலே வெளியேறி, வாசலில் நின்று மகளை அழைத்தார். தெருவுக்கே கேட்டது.

அவள் நேரே முதலாளியிடம் போனாள். எல்லாம் கேட்டவர், “பட்டியல் பட்டியல்தான். ஆசையா இருந்தா உங்க சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்குங்க” என்றார்.

“சரி சார்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் குழுவிலிருந்து பதினொரு பேர் அழைத்தார்கள். அவள் சாப்பிட்டு முடிக்க நாலு மணி ஆயிற்று. அப்போதும் இருப்புக் கொள்ளவில்லை. அழைத்துப் பார்த்துவிட்டு, காது போயிற்று என்று பேசாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ!

கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்றாம் குழுவின் முதல் பக்கத்தை எடுத்துவைத்து, அவளே எண்களை அழுத்தத் தொடங்கினாள்.