ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி

தெருவில் அவருக்கு 'ரெடி சார்' என்று பெயர். வைத்தவர் எதிர்க்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயின்டர். எதிரில் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "நாலு நாளைக்குக் கரண்ட் வரலைன்னா என்ன பண்ணுவீங்க? ரெடியா?" என்று கேட்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் கம்பெனி அவரை இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. போன ஆள் வேறு, திரும்பி வந்த ஆள் வேறு.

வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சைப் பை தொங்கும். டார்ச், பேட்டரி, மூன்று நாளைக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டும் துணி, தீப்பெட்டி, பிஸ்கட், முப்பதடி கயிறு, பிளாஸ்டிக் உறையில் முக்கியமான காகிதங்களின் நகல். சமையலறையில் மூடி போட்ட இரண்டு கேன் தண்ணீர், வாரம் தவறாமல் மாற்றியாக வேண்டும். ஒருமுறை மகன் அந்த பிஸ்கட்டில் கைவைத்துவிட, வீட்டில் அரை நாள் விசாரணை நடந்தது. நியாயமாகப் பார்த்தால் இதில் எதுவும் தப்பில்லை, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியதுதான். அவர் அதைப் பற்றிப் பேசுகிற விதம்தான் ஆளை ஓட ஓட விரட்டியது. கரண்ட் போன ஒரு சாயங்காலம் பெயின்டர் மெழுகுவர்த்தி கேட்டு வந்தார். மெழுகுவர்த்தி கிடைத்தது, அரை மணி நேரப் பிரசங்கத்துக்குப் பிறகு. அதற்குள் கரண்டே வந்துவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை. ரெடி சார் மூன்று முறை விசில் ஊதுவார். மனைவி கேஸை மூடுவார், மகள் மெயின் சுவிட்சை அணைப்பாள், மகன் தண்ணீர் பாட்டிலை எடுப்பான், அவர் பச்சைப் பையோடு கதவைச் சாத்துவார். முதல் மாடியிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, பெயின்டர் கடைக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தடியில் போய் நிற்க வேண்டும். அவர் தலைகளை எண்ணுவார். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. எல்லாரும் வந்தாச்சு." ஆரம்பத்தில் மூன்று நிமிடம் ஆனது, வருடக் கணக்கில் விரட்டி இரண்டுக்குள் கொண்டுவந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரெடி சாரின் அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக முப்பது வருடம் வேலை பார்த்தவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா போனபின் தம்பியைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் அவர்தான், காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர்தான். முழங்கால் அறுவை சிகிச்சை சரியாக அமையவில்லை, தனியாக இருக்க முடியாது. ரெடி சாரே போய்க் கூட்டி வந்து, பால்கனி வைத்த முன்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். மனதாரத்தான் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மாத ஒத்திகையில் அண்ணனும் இறங்கினார். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி, ஏழு நிமிடம் ஆனது. கம்பத்தடியில் ரெடி சாரின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து பெயின்டர் கடையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அடுத்த மாதம் ரெடி சார் ஒரு யோசனை சொன்னார்.

"நீங்க எதுக்கண்ணே சிரமப்படணும்? பால்கனியில உக்காந்து நேரம் மட்டும் பாத்துச் சொல்லுங்க. உங்களைவிட அதை யார் சரியா பாப்பாங்க?"

அண்ணன் ஒரு கணம் தம்பியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பழைய வேலையில் வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் பெட்டியில் இருந்தது. அன்றிலிருந்து விசில் ஊதினால் அவர் பால்கனிக்கு வருவார். நாலு பேரும் கம்பத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள், மேலேயிருந்து நேரம் வரும். பஸ் புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொன்ன அதே குரல். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த திட்டத் தாளில் 'ஆட்கள்: 4' என்றிருந்ததை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ரெடி சார் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கதவைத் திறந்தால் படிக்கட்டில் மெல்லிய புகை. கீழே மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி, அதன் மேல் யாரோ சாய்த்து வைத்திருந்த பழைய மெத்தை. அதை எடுக்கச் சொல்லி அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேஸ், மெயின், பாட்டில், பை. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள், யாரும் கத்தவில்லை. கம்பத்தடிக்கு வந்ததும் அவர் எண்ணினார்.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. எல்லாரும் வந்தாச்சு."

வழக்கப்படி அண்ணாந்து பார்த்தார். பால்கனியில் அண்ணன், கையில் ஸ்டாப் வாட்ச்.

"ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு," என்றார் அண்ணன். "போன மாசத்தைவிட நாலு விநாடி கம்மி."

ரெடி சாருக்குப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான், ஆனால் இருந்தது. அப்புறம் அண்ணனுக்குப் பின்னால், கதவு வழியாக, சாம்பல் நிறத்தில் எதுவோ நகர்வது தெரிந்தது. மகள் "பெரியப்பா" என்று அலறினாள்.

அவர் தெருவைக் கடந்து ஓடினார். படிக்கட்டுக்கு அடியில் மெத்தை முழுதாகத் தீப்பிடித்திருந்தது, முதல் படியிலேயே கண் எரிந்து மூச்சு அடைத்தது. கீழ்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மேலே அண்ணனைக் காணவில்லை. ரெடி சார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடமாகத் தெருவுக்கே பாடம் நடத்தியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அது தெரிந்தவர் பெயின்டர். கடை வாசலில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைத் தூக்கி வந்து பால்கனியில் சாய்த்தார். அதற்குள் அண்ணன் மறுபடி வந்து நின்றார், பின்னால் அறைக் கதவு சாத்தியிருந்தது. கயிறு கிடைக்குமா என்று பெயின்டர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். ரெடி சாரின் தோளில் முப்பதடி கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது நினைவே இல்லை. மகள்தான் பையைப் பிடுங்கிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். பெயின்டர் ஏறி, கயிற்றை அண்ணனின் இடுப்பில் கட்டி மறுமுனையைப் பால்கனிக் கம்பியில் சுற்றி, கீழ்வீட்டுக்காரரை மேலே வரவழைத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு தான் ஒரு படி கீழே நின்றுகொண்டு, வராத காலை ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே எடுத்து அடுத்த படியில் வைத்தார். கையெல்லாம் மஞ்சள் பெயின்ட், அண்ணனின் வேட்டி முழுவதும் மஞ்சள் விரல் தடம்.

தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் அணைந்தபின், நோட்டும் கையுமாக அதிகாரி வந்தார். இவ்வளவு சீக்கிரம் நாலு பேர் வெளியே வந்ததைப் பாராட்டிவிட்டு, பெரியவர் மட்டும் ஏன் மேலே இருந்தார் என்று கேட்டார். சுற்றிலும் தெருவே நின்றது. ரெடி சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அது தானாகவே பேசிற்று.

"இறங்க முடியாதவங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கணும், சார். அதான் எங்க வீட்டுத் திட்டம்."

அதிகாரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் இருமி முடித்து, "ஆமாங்க," என்றார். "கதவைச் சாத்து, இடுக்குல ஈரத்துணி வை, வெளியே தெரியற மாதிரி நில்லுன்னு தாள்ல எழுதி ஒட்டியிருக்கான். எல்லாம் தம்பி சொல்லிக்கொடுத்தது."

அந்த வரியை ரெடி சார் பயிற்சிப் புத்தகத்திலிருந்து அப்படியே நகலெடுத்திருந்தார். யாருக்காக என்று எழுதும்போது அவர் யோசித்ததே இல்லை. அண்ணன் மட்டும் அதைப் படித்து மனதில் வைத்திருக்கிறார். அதிகாரி "நல்ல திட்டம்" என்று நோட்டில் எழுதினார். ரெடி சாருக்குக் காது சுட்டது.

அதன் பிறகு ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் எப்போதும் போலத்தான் இருந்தார். விசில் கேட்டதும், 'ஒத்திகை நாளைக்குத்தானே, இன்னைக்கே எதுக்கு' என்று யோசித்தபடி வாட்சை எடுத்ததைக்கூட ஒரு வேடிக்கைபோல் குழந்தைகளுக்குச் சொன்னார். மகள் மட்டும் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டடத்தின் செயலாளர் வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடுகிறார்கள், உங்கள் திட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பெரியவருக்குப் போட்ட திட்டத்தை, என்று கேட்டுக்கொண்டார். அவர் போனதும் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் பேசினார்.

"நானும் கேஸை மூடினேன், நானும் இறங்கினேன். உங்க அண்ணன் அறைக்கதவைத் தாண்டித்தான் போனேன். உங்களை மட்டும் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனா அங்க போய் மறுபடி அந்தப் பொய்யைச் சொன்னீங்கன்னா என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியாது."

ஞாயிறு காலை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அண்ணன் அரை மணி முன்னதாகவே கிளம்பி மெதுவாக இறங்கி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பெயின்டர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். ரெடி சார் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். தண்ணீரைப் பற்றிச் சொன்னார், டார்ச்சைப் பற்றிச் சொன்னார், மாடிப்படிக்கு அடியில் சாமான் போடாதீர்கள் என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பெரியவருக்குத் திட்டம்னு ஒன்னும் கிடையாது," என்றார். "அண்ணன் இறங்கினா நேரம் ஆகுதுன்னு ரெண்டு வருஷமா அவரை விட்டுட்டு ஒத்திகை பண்ணினேன். அன்னைக்கும் விட்டுட்டேன். வீட்ல அஞ்சு பேர். நாலு பேரை எண்ணிட்டு எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னேன். அதிகாரிகிட்ட சொன்னது பொய்."

யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பெயின்டர்தான் பேசினார், கிண்டல் இல்லாமல், கொஞ்சம் கூச்சத்தோடு.

"தெரியும் சார். நீங்க எண்ணினது என் கடைக்குள்ள கேட்டுச்சு."

ஒரு வாரமாகத் தெருவே அதைத் தெரிந்துகொண்டுதான் அவரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறது. ரெடி சாருக்கு அங்கே நிற்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அண்ணனிடம் போய் எழுப்பிவிடக் கை நீட்டினார். அண்ணன் கையைப் பிடிக்காமல் தானே எழுந்தார். படிக்கட்டுச் சுவர் இன்னும் கறுப்பாக இருந்தது. நாலு படி ஏறினார்கள்.

"ஏன்டா சொன்னே?" என்றார் அண்ணன்.

"உறுத்திக்கிட்டே இருந்துச்சு அண்ணே."

"இருக்கும். நீ இறக்கி வெச்சுட்டே." இன்னொரு படி ஏறி நின்றார். "தம்பி என்னை எண்ணலைங்கறதை இத்தனை பேருக்கு நடுவுல உக்காந்து கேட்டேனே, அதை நான் எங்க இறக்கி வைக்கறது?"

"அவங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு அண்ணே."

"எனக்கும்தான் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லலை. அந்த மட்டுக்கும் எனக்கு மரியாதை இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவும் பேசினோம் என்று ரெடி சார் நினைத்திருந்தார், ஆனால் கேட்க வேண்டிய மனிதரிடம் கேட்கவே இல்லை. தெருவிடம்தான் கேட்டிருக்கிறார். இப்போதும் கேட்கவில்லை. கண் நிறைந்து படி மங்கியது. பன்னிரண்டாவது படியில் முழங்கால் தாளாமல் அண்ணனின் கை தம்பியின் தோளுக்கு வந்தது. மிச்சப் படிகளை அப்படியே ஏறினார்கள்.

வாசலில் அண்ணன் நின்று மூச்சு வாங்கினார். சட்டைப்பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்து, கதவுக்குப் பின்னால் பச்சைப் பை தொங்கும் ஆணியில் மாட்டினார்.

"இனிமே நேரத்தை யாராவது பாத்துக்குங்க," என்றார். "நானும் இறங்கற ஆள்."

சொல்லிவிட்டுச் செருப்பை ஓரமாக விட்டு உள்ளே போனார். ரெடி சார் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். அது அவர் வீடுதான், ஆனாலும் உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.