நாலு மணிச் சலவை

ஓசாவுக்குக் கிடைத்திருந்தது சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை. ஸ்வீடனில், யெவ்லே நகரத்தில் அந்தக் கட்டடத்துக்கு முப்பத்தாறு வீடுகள், நிலவறையில் ஒரே சலவையறை. அதன் வாசலில் தொங்கும் பலகையில், தேதிக்கும் மணிக்கும் நேராக நம் வீட்டுப் பூட்டை மாட்டிவிட்டால் அந்த வேளை நமக்கு. டிசம்பர் பதிமூன்றில் வரும் லூசியா விழாவுக்கு முந்தின நாளில் ஒரு வேளையைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? இரண்டு வாரத்துக்கு முன்பே, பல்கூடத் தேய்க்காமல் இறங்கிப் போய்ப் பூட்டை மாட்டிவிட்டு வந்தாள். அதற்காகவாவது அவளை மெச்சத்தான் வேண்டும்.

துவைக்க வேண்டியது ஒரே ஒரு அங்கி. வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கும் இந்த வருஷ லூசியாவாக அவள் மகள் டூவா வந்திருந்தாள். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டு நாடா, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். ஒத்திகையன்று எவனோ பழரசத்தை அங்கியின் மார்பில் கொட்டிவிட்டான். சலவைக்கு மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளியில் ஊர்வலம்.

அங்கியோடு போயிருந்தால் பரவாயில்லை. ஓசாவும் டூவாவின் அப்பா ஹோக்கனும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது; அவன் இப்போது மலின் என்பவளோடு வாழ்கிறான். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளை, போன மாதம் பன்னிரண்டு வயது முடிந்த கையோடு, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் அப்பாகிட்டயே இருந்துக்கறேன்."

"ஏன்டி, இங்க என்ன குறைச்சல் உனக்கு?"

"இங்க நீ எங்க இருக்க? உன் முதுகுதான் இருக்கு."

ஓசா கெஞ்சினாள். "லூசியா வரைக்கும் டைம் குடு கண்ணு. இனிமே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர். சத்தியமா."

டூவா எழுந்து போய், அடுப்படியில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். "இது அடிச்சா எந்திரிக்கணும். அவ்ளோதான்."

அப்படி அந்தக் கம்ப்யூட்டரில் என்னதான் செய்தாள் என்று கேட்கிறீர்களா? வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று வலைப்பூ எழுதினாள். சிரிக்காதீர்கள், நாலாயிரம் பேர் படித்தார்கள். எந்தக் கிழமை ஜன்னல் துடைப்பது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு குங்குமப்பூ ரொட்டி சுடுவது எப்படி, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம், குடும்பத்துக்கு எவ்வளவு நேரம், எல்லாம் எழுதினாள். ஊரை ஏமாற்றுகிறவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் எழுதினாள். எழுதும்போது அந்த வீடு அவள் கண்ணெதிரே பளிச்சென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால்தான், நாற்காலி மேல் மடிக்காத துணியும் தொட்டியில் முந்தாநாள் பாத்திரமுமாக வேறொரு வீடு இருந்தது.

இருந்தாலும் பத்து நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பிள்ளையின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அன்று மூன்று மணிக்கு, பல் மருத்துவமனை வரவேற்பு மேசை வேலையை முடித்துவிட்டு வந்ததும், அங்கிப் பையை வாசலில் தயாராக வைத்தாள். கடிகாரத்தை ஒரு மணி நேரத்துக்கு முறுக்கிவிட்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு அது அடித்தது. எழுந்தும்விட்டாள், பையைக் கையிலும் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரிலிருந்து டிங் என்று ஒரு சத்தம்.

வடக்கே லூலியோ என்கிற ஊரிலிருந்து ஒரு பெண் வலைப்பூவுக்கு எழுதியிருந்தாள். "எனக்கு மூணு பிள்ளைங்க. கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்கவே முடியல. நேத்து சின்னவன் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதுட்டே தூங்கிட்டான். நீங்க மட்டும் எப்படிங்க சமாளிக்கறீங்க?"

இதற்குப் பதில் சொல்லாமல் போக மனசு வருமா? நின்றபடியே இரண்டு வரி எழுதினாள். இரண்டு வரி போதவில்லை, உட்கார்ந்தாள். அவ்வளவு நன்றாக அவள் என்றைக்குமே எழுதியதில்லை.

கீழே இறங்கியபோது மணி நாலு நாற்பது. இரண்டு இயந்திரங்களும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடி ராங்ஹில்ட், ஓய்வு பெற்ற தபால்காரி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நாலரை வரைக்கும் பார்த்தேன் ஓசா. அரை மணி தாண்டினா யார் வேணா எடுத்துக்கலாம், உனக்குத் தெரியாததா? எல்லாம் கம்பளம்மா, முடிய ஏழாயிடும். அவசரமா ஏதாவது இருக்கா?"

"சேச்சே, அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல."

அட பாவி மகளே! பிள்ளையின் லூசியா அங்கி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மாள் சொட்டச் சொட்டக் கம்பளத்தை வெளியே இழுத்துப் போட்டிருப்பாள். ஆனால் வாய் வரவில்லை. அடுத்த வீட்டில் போய் உதவி கேட்பதற்குப் பதில் உறைந்த ஏரியில் குதித்துவிடலாம் என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். அதிலும் தப்பு தன் பேரில் என்றால் கேட்கவே வேண்டாம். ஓசா சிரித்துக்கொண்டே மேலே ஏறினாள், பாதிப் படியில் அழுகை வந்துவிட்டது.

குளியல் தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்து, சோப்புத் தூளைக் கொட்டி, பையை அப்படியே கவிழ்த்தாள். கையால் துவைத்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் விரித்தால் காலைக்குள் காய்ந்துவிடும். முதலில் கால் மணி ஊறட்டும் என்று கடிகாரத்தை முறுக்கினாள். அந்தக் கால் மணிக்குள் லூலியோக்காரி என்ன சொன்னாள் என்று பார்த்துவிடலாமே என்றுதான் போனாள். கடிகாரம் அடித்தது. இன்னொரு ஐந்து நிமிடம் என்று முறுக்கினாள். பிறகு அது அடித்ததே அவள் காதில் விழவில்லை.

ஆறு மணிக்கு டூவா வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனாள்.

"அம்மா, இங்க வா."

பட்டு நாடா அங்கிக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. கவிழ்த்த அவசரத்தில் ஓசா கவனிக்கவே இல்லை. சாயம் முழுக்க இறங்கி, தொட்டித் தண்ணீர் சிவந்து, அங்கி அப்பட்டமான ரோஸ் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"இரு இரு, போயிடும். வெளுக்கற மருந்து போட்டா போயிடும்டி. நான் அஞ்சு நிமிஷம்தான்..."

"விடும்மா."

கத்தியிருந்தால் தேவலை. டூவா கத்தவில்லை. முகம் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், ஒளிர்ந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள், நின்று படித்தாள். 'கடிகாரம் அடித்த நொடியே எழுந்துவிடுங்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியது நம் முகத்தை, முதுகை அல்ல.' அதற்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள்.

"இது நான் சொன்னதுதானே?"

பின்னாலேயே வந்த ஓசா திரையை அணைத்தாள்.

டூவா போனை எடுத்தாள். "அப்பா, மலினோட பழைய லூசியா அங்கி இருக்குன்னு சொன்னாளே, இருக்கா? ... நீளமா இருந்தாலும் பரவால்ல. ... இல்ல, இப்பவே வா. பெரிய பையை எடுத்துக்கறேன்."

"இது என் வாரம்டி டூவா."

"தெரியும்மா."

மறுநாள் காலை ஓசா எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூட மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள், பாட்டு கேட்டது, டூவா முதலில் வந்தாள். அப்பாவோடு வாழ்கிறவளின் அங்கி தரையில் புரண்டது, ஒரு கையால் தூக்கிப் பிடித்து நடந்தாள். அம்மாவைத் தாண்டும்போது சிரிக்கத்தான் செய்தாள். வரிசையாக நின்ற எல்லாப் பெற்றோருக்கும் சிரித்த அதே சிரிப்பு. ஒரு கோபம், ஒரு முறைப்பு இருந்திருந்தால்கூட ஓசா பிழைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்தாள். பாத்திரத்தைக் கழுவினாள், துணியை மடித்தாள், ரோஸ் அங்கியைப் பிழிந்து காயப்போட்டாள். வீடு அவள் எழுதுகிற வீடு மாதிரியே ஆகிவிட்டது. பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். லூலியோக்காரி எழுதியிருந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேங்க. கடிகாரம் அடிச்சதும் மூடிட்டேன். மூணு பேரையும் வெச்சுக்கிட்டு ரொட்டி சுட்டோம், சின்னவன் என் மடியிலயே தூங்கிட்டான். நீங்க நல்லா இருக்கணும். உங்க பொண்ணு குடுத்து வெச்சவ."

ஓசா பழக்கதோஷத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரத்துக்கு முறுக்கி வைத்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தாள். அது அடித்தபோது எழுந்திருக்கச் சொல்ல வீட்டில் யாருமில்லை.