தெருவுக்கே யோசனை சொன்ன மருது

கோச்சடை மருது கேபிளா, டிஷ்ஷா என்று மூன்று மாதமாக ஆராய்ந்தார். படம் எதில் தெளிவு, சேனல் எதில் அதிகம், மழைக்கு எது படுத்துக்கொள்ளும் என்று டைரியில் கட்டம் போட்டு எழுதி, தெருவில் ஒருவர் விடாமல் நிறுத்தி வைத்து விளக்கினார். டிஷ்தான் ஜெயித்தது.

மாட்ட வந்தவன் மொட்டைமாடி ஏறிய பிறகு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"தம்பி, எம் மக காதுகுத்து சிடிய இதுல எந்தச் சேனல்ல போடுவீக?"

"அதெல்லாம் போட மாட்டாகண்ணே."

"எரநூறு சேனல் வச்சிருக்கீக, எம் மூஞ்சிக்கு ஒரு எடமில்லையா? எறங்குய்யா கீழ!"

நேரே கேபிள்காரர் ஒச்சுவிடம் போய், வீட்டுக்குக் கேபிளே போதும் என்று சொல்லி சிடியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒச்சுவின் உள்ளூர்ச் சேனலில் மூன்று மணி நேரம் ஓடியது. பட்டுவேட்டியில் மருது பந்தி விசாரித்தது மட்டும் நாற்பது நிமிடம். முடிந்ததும் தலையைச் சீவிக்கொண்டு, பாராட்டு வாங்கத் தெருவில் இறங்கினார்.

"பாத்தியாம்மா?" என்று எதிர்வீட்டுக் கனகாவிடம் கேட்டார்.

"எங்கிட்டுண்ணே பாக்க? நீங்க சொன்னதக் கேட்டுத் தெருவே டிஷ்ஷுக்கு மாறிருச்சு. கேபிளு இப்ப ஒங்க ஒரு வீட்டுக்குத்தேன் வருது."